முன் பம்பரில் விரிசல்: வீட்டிலேயே பற்றவைக்க முடியுமா?

பாளைவாசி

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது ஒன்பது ஆண்டுகள் ஓடிய சிறிய கார். சென்ற வாரம் சேரன்மகாதேவியில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குச் சென்றபோது, மண்டபத்துக்கு எதிரே வாய்க்கால் ஓரமாக இருந்த சிமென்ட் கட்டையின் மேல் வண்டியின் மூக்கு ஏறி நிற்கும்படி நிறுத்திவிட்டேன். திரும்பும்போது பின்னால் எடுத்ததில் முன் பம்பரின் கீழ் விளிம்பு கட்டையில் மாட்டி இழுபட்டது. இடது பனிவிளக்குக் குழியிலிருந்து கீழ் விளிம்பு நோக்கி ஏறத்தாழ 16 செ.மீ. நீளத்துக்கு விரிசல் இறங்கியிருக்கிறது. சக்கர வளைவை ஒட்டி பம்பரைப் பிடித்து நிறுத்தும் காது ஒன்றும் முறிந்துவிட்டது.

பட்டறையில் காட்டினேன். பம்பரையே மாற்ற வேண்டும், புதிய பம்பருக்கு நிறமும் அடிக்க வேண்டும் என்று கூறி 11,000 ரூபாய் மதிப்பீடு தந்தார்கள். அதற்கு மனம் ஒப்பாமல், உடனே ஒட்டும் பசையை வாங்கி விரிசல் முழுவதும் விட்டு, துணி வைத்து அழுத்திப் பிடித்தேன். அன்று மாலை கல்லைப் போல இறுகியிருந்தது. மறுநாள் குலவணிகர்புரம் ரயில்வே கேட்டைக் கடக்கும் குலுக்கலிலேயே முழுவதும் விட்டுப்போயிற்று. வீட்டில் வைத்தே உறுதியாகச் சரிசெய்ய வழி உண்டா என்பதை அனுபவம் உள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

தச்சைத் தம்பி

அண்ணாச்சி, சால்டரிங் அயர்னால் விரிசலின் இரு பக்கத்தையும் உருக்கி, அதன்மேல் கேபிள் டையை (மின்கம்பிகளைச் சேர்த்துக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை) வைத்துத் தேய்த்து நிரப்புவதைக் காணொளிகளில் பார்த்திருக்கிறேன். செலவு 50 ரூபாய்கூட ஆகாது. நான் செய்ததில்லை என்றாலும் எளிதாகவே தெரிகிறது.

பேட்டைப் பட்டறை

தம்பி நல்ல எண்ணத்தில்தான் கூறியிருக்கிறார். ஆனாலும் அதைச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கேபிள் டை நைலானால் ஆனது. உங்கள் பம்பர் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். இரண்டையும் உருக்கி ஒன்றன்மேல் ஒன்று தேய்த்தால் ஒட்டியதுபோலத் தோன்றும், ஆனால் ஆறியபின் நகத்தால் நெம்பினாலே நைலான் பட்டையாகக் கழன்று வந்துவிடும். என்னிடம் வரும் பம்பர்களில், இப்படிச் செய்து பார்த்துவிட்டுக் கொண்டுவருவோருடையதைச் சுரண்டிச் சுத்தம் செய்வதற்கே பற்றவைப்பதைவிட அதிக நேரம் ஆகிறது.

எந்தப் பொருளும் வாங்கும் முன் ஒரு வேலையைச் செய்யுங்கள். பம்பரைக் கழற்றி, அழுக்கைக் கழுவி, உட்புறத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இரு அம்புக்குறிகளுக்கு நடுவே ஆங்கில எழுத்துகள் புடைப்பாக வார்க்கப்பட்டிருக்கும். பெரும்பாலான கார்களில் பி.பி. கூட்டல் இ.பி.டி.எம். என்றும் அதற்குப் பின்னால் டி10 அல்லது டி20 என்றும் இருக்கும். பி.பி. என்பது பாலிபுரொப்பிலீன். இ.பி.டி.எம். என்பது அடியைத் தாங்குவதற்காகக் கலக்கும் ரப்பர். டி என்பது விறைப்புக்காகச் சேர்க்கும் டால்க், அதாவது மாக்கல் பொடி. எண் அதன் விழுக்காடு. ஏ.பி.எஸ். (இது வேறொரு வகைப் பிளாஸ்டிக்) என்று இருந்தால் கதை வேறு; பிளவையும் பசையையும் அணுகும் முறையே மாறிவிடும். முன் கிரில்லும் சில அலங்காரப் பட்டைகளும் ஏ.பி.எஸ்.ஸாக இருப்பது வழக்கம் என்பதால், பம்பரோடு சேர்ந்து நிற்கும் ஒவ்வொரு துண்டிலும் தனித்தனியே எழுத்தைப் பார்க்க வேண்டும்.

எழுத்து தேய்ந்துபோயிருந்தால் மறைவான விளிம்பிலிருந்து நகக்கண் அளவு சீவி எடுத்துச் சோதிக்கலாம். அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்தால் ஏ.பி.எஸ். பிசுபிசுக்கும், பி.பி.க்கு ஒன்றும் ஆகாது. சீவலை இடுக்கியில் பிடித்து, திறந்த வெளியில், அசிட்டோன் பாட்டிலைத் தொலைவில் வைத்துவிட்டுக் கொளுத்தினால், பி.பி. மெழுகுவர்த்தி அணைந்த வாடையோடு சொட்டுச் சொட்டாக எரியும், ஏ.பி.எஸ். கரும்புகையோடு கரித்தூள் பறக்க எரியும். தண்ணீரில் மிதக்கிறதா என்று பார்ப்பதும் உண்டு. அதை மட்டும் நம்பாதீர்கள். தனி பி.பி. மிதக்கும், 20 விழுக்காடு டால்க் கலந்தது மூழ்கிவிடும். மூழ்கியதால் அது பி.பி. இல்லை என்று முடிவு செய்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பாளைவாசி

அண்ணாச்சி, நீங்கள் கூறியபடி கழற்றிப் பார்த்தேன். உட்புறம் முழுக்க செம்மண் அப்பியிருந்தது. பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்த பிறகு எழுத்து தெரிந்தது. பி.பி. கூட்டல் இ.பி.டி.எம்., டி20. பழைய இரும்புக்கடையில் அதே எழுத்துள்ள உடைந்த பம்பர் ஒன்றும் கிடைத்தது. ஒரு முழம் நீளத் துண்டை வெட்டித் தந்தார்கள்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. இரும்பையும் மரத்தையும் விரல் தோலையும்கூட இழுத்துப் பிடிக்கும் பசை, இதை மட்டும் ஏன் விட்டுவிடுகிறது?

அம்பை டீச்சர்

இக்கேள்விக்கு வேதியியல் கற்பிப்பவள் என்ற முறையில் விடை கூற முயல்கிறேன். பசை பிடிக்க வேண்டுமானால் முதலில் அது பரப்பின்மீது பரவ வேண்டும். பாலிபுரொப்பிலீன் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட நீண்ட சங்கிலி. பசை பற்றிக்கொள்வதற்கான முனைவுள்ள தொகுதி எதுவும் அதன் பரப்பில் இல்லை. சேம்பிலையில் தண்ணீர் உருண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே இலையின் மெழுகும் நுண்ணிய மேடு பள்ளங்களும் காரணம், இங்கே பரப்பின் ஆற்றல் குறைவாக இருப்பது காரணம். ஆனால் திரவம் ஒதுங்கி நிற்கும் விதம் ஒன்றே. பசை உறையும்போது பிளவின் சொரசொரப்பில் இயந்திரமாகப் பிடித்துக்கொள்கிறதே தவிர, பொருளோடு ஒன்றுவதில்லை. அத்துடன் உடனடிப் பசை உறைந்தால் கண்ணாடியைப் போல விறைப்பாகிவிடும். பம்பரோ வளைந்து கொடுப்பதற்கென்றே செய்யப்பட்டது. வளையும் ஒன்றின் நடுவில் வளையாத ஒன்றை வைத்தால் குலுக்கல் முழுவதும் அந்த எல்லையில்தான் வந்து சேரும்.

வெப்பத்தால் இணைப்பது இதற்கு முற்றிலும் மாறானது. பாலிபுரொப்பிலீன் ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகும். இரண்டு உருகிய பரப்புகள் தொட்டால் ஒன்றின் சங்கிலிகள் மற்றொன்றுக்குள் நுழைந்து பின்னிக்கொள்கின்றன; ஆறும்போது சேர்ந்தே படிகமாகின்றன. அங்கே பசை என்ற மூன்றாவது பொருளே கிடையாது.

இதை எழுதும்போது என் சிறுவயது நினைவு ஒன்று வருகிறது. அம்பாசமுத்திரத்தில் எங்கள் தெருவுக்கு உடைந்த பிளாஸ்டிக் குடத்துக்கும் வாளிக்கும் ஒட்டுப்போடுபவர் ஒருவர் வருவார். சிறிய அடுப்பில் இரும்புக் கம்பியைக் காயவைத்து, தன் சாக்கிலிருந்து பழைய துண்டுகளை எடுத்து எடுத்துப் பார்ப்பார். நிறம் பொருந்துகிறதா என்று பார்க்கிறார் என்றே நினைத்திருந்தேன். இல்லை, துண்டின் ஓரத்தைக் கம்பியால் தொட்டு, உருகும் விதத்தையும் வாடையையும் பார்த்து, இந்த வாளிக்கு இது சேரும், இது சேராது என்று பிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுப் பச்சைக் குடத்துக்குச் சிவப்புத் துண்டை வைத்து அவர் போட்ட ஒட்டு, குடம் பழசாகி எறியப்படும் வரையில் கசியவில்லை. இனத்தோடு இனத்தைச் சேர்க்க வேண்டும் என்ற அந்த அறிவை எந்தப் பாடநூலும் அவருக்குத் தரவில்லை. அவர் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு.

பேட்டைப் பட்டறை

டீச்சர் கூறியது முற்றிலும் சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். குடத் துண்டை எடுத்துப் பம்பருக்கு வைக்க வேண்டாம். குடங்களில் பல உயரடர்த்திப் பாலித்தீனால் ஆனவை, அது பி.பி.யோடு உறுதியாகச் சேராது.

வண்ணார்பேட்டை முகவர்

வேலையைத் தொடங்கும் முன் காப்பீட்டுக் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் பாகங்களுக்கு வண்டியின் வயது எதுவானாலும் 50 விழுக்காடு தேய்மானம் கழிப்பார்கள். தேய்மானமில்லாக் காப்பீடு எடுத்திருந்தால் மட்டும் இது பொருந்தாது; ஒன்பது ஆண்டு வண்டிக்கு அது இருக்க வாய்ப்புக் குறைவு. 1,500 சி.சி. வரையுள்ள காருக்குக் கட்டாயமாக நாம் ஏற்க வேண்டிய தொகை 1,000 ரூபாய். இவை போக, இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 விழுக்காடு என்று படிப்படியாக ஏறி வருவது. ஒருமுறை கோரினால் அடுத்த புதுப்பித்தலில் சுழியத்துக்கு வந்துவிடும். மீண்டும் 50ஐத் தொட ஐந்து ஆண்டுகள் ஆகும்.

உங்கள் மதிப்பீட்டில் பம்பரின் விலை எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்து வாங்கிப் பாருங்கள். பாகத்தில் பாதியும் ஆயிரமும் போய்க் கைக்கு வரும் தொகையையும், சொந்தச் சேதப் பிரீமியத்தில் (நம் வண்டியின் சேதத்துக்காகக் கட்டும் பகுதி) அடுத்த சில ஆண்டுகளுக்கு இழக்கப்போகும் தள்ளுபடியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், சிறு விரிசலுக்குக் கோராமல் இருப்பதே பெரும்பாலும் நலமாக இருக்கும். நான் முகவராக இருந்தும் என் வாடிக்கையாளர்களிடம் இதையே கூறிவருகிறேன்.

பேட்டைப் பட்டறை

பாளைவாசி கழற்றிவிட்டதால் நேராக வேலைக்கு வருகிறேன். சற்று நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு படியை விட்டாலும் மற்றவை வீணாகிவிடும்.

பம்பரைக் கழற்றியதும் உள்ளே இருப்பதைப் பாருங்கள். வெளியே தெரிவது தோல் மட்டுமே. அதற்குப் பின்னால் அடியை வாங்கும் நுரைக்கட்டை அல்லது பிளாஸ்டிக் தாங்கியும், அதற்குப் பின்னால் இரும்புக் குறுக்குச் சட்டமும் இருக்கும். சட்டம் வளைந்திருந்தாலோ நுரை நொறுங்கியிருந்தாலோ தோலை மட்டும் சரிசெய்துவிட்டு ஓட்டக் கூடாது. வெளியே அழகாகத் தெரியும், அடுத்த இடியைத் தாங்க உள்ளே ஒன்றும் இருக்காது. உங்களுடையது கீழ் விளிம்பு இழுபட்டதால் வந்த விரிசல் என்பதால் சட்டத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது, இருந்தாலும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, நீங்கள் விட்ட பசை முழுவதையும் பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும். பசையின் துளி இருக்கும் இடத்தில் உருகல் சேராது. சோப்புத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். வண்டியைப் பளபளப்பாக்க சிலிக்கோன் மெருகு பூசும் பழக்கம் இருந்தால் இரண்டு முறை துடையுங்கள். விரிசலின் இரு பக்கமும் மூன்று செ.மீ. அகலத்துக்கு நிறத்தை அடியோடு எடுத்துவிட வேண்டும். நிறம் உருகலில் கலந்தால் ஒட்டு கெட்டுவிடும்.

விரிசலின் நுனி எங்கே முடிகிறதோ அங்கே 3 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். கண்ணுக்குத் தெரியும் முடிவிலிருந்து இரண்டு மி.மீ. தள்ளிப் போடுவது நல்லது. நுனி மயிரிழையாக உள்ளே ஓடியிருக்கும். விசை முழுவதும் கூர்மையான அந்த நுனியில் குவிவதால்தான் விரிசல் நாளுக்கு நாள் நீள்கிறது. வட்டத் துளை அந்த விசையைப் பரப்பிவிடும். பழைய அடியில் பம்பர் கோணியிருந்தால் இப்போதே கொதிநீரை ஊற்றிக் கையுறையோடு அழுத்தி நேராக்குங்கள். முன்புறத்தில் இரு விளிம்பையும் சமமாகச் சேர்த்து, அலுமினிய ஒட்டுநாடாவால் இறுக்கி ஒட்டுங்கள்.

பின்புறத்திலிருந்து தொடங்க வேண்டும். பம்பரின் கனம் ஏறத்தாழ 3 மி.மீ. இருக்கும். அதில் பாதி ஆழத்துக்கு, விரிசல் நெடுகிலும் இரு பக்கமும் சரிந்த வாய்க்காலாகச் சீவுங்கள். கிரைண்டரை விரட்டினால் சீவுவதற்குப் பதில் உருகி இழுபடும். கத்தி முனையோ மெதுவாகச் சுழலும் கருவியோ போதும். 60 வாட் தட்டை முனை அயர்ன் போதுமானது. சூட்டைக் குறைக்கவும் கூட்டவும் வசதி இருந்தால் ஏறத்தாழ 280 டிகிரியில் தொடங்கி உங்கள் கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் துண்டு எதையும் வைக்காமல் வாய்க்காலின் அடியை மட்டும் தொட்டுத் தொட்டு இணையுங்கள். பின்பு, இரும்புக்கடைத் துண்டிலிருந்து ஈர்க்குச்சி கனத்தில் சீவிய பட்டையை வைத்து, பட்டையையும் வாய்க்காலின் இரு சுவரையும் ஒரே நேரத்தில் உருக்க வேண்டும். பட்டை மட்டும் உருகி மேலே வழிந்தால் அது அப்பிய மெழுகுதான். சுவரும் உருகி, இரண்டும் தேனும் பாகும்போலக் கலப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே அயர்னை நகர்த்துங்கள். ஒரு தடவைக்கு இரண்டு செ.மீ.க்கு மேல் போக வேண்டாம்.

பின்புறம் நிரம்பியதும், ஜன்னலுக்கு அடிக்கும் ஸ்டெயின்லெஸ் கொசுவலையை விரிசலைவிட அகலமாக வெட்டி வைத்து, அயர்னால் அழுத்தி உள்ளே புதைத்து, அதன்மேல் மீண்டும் உருகலால் மூடுங்கள். அலுமினிய வலை கிழியும், சாதா இரும்பு வலை துருப்பிடித்து ஒட்டைக் கிளப்பும். பிறகு திருப்பிப் போட்டு, நாடாவை உரித்து, முன்புறத்தில் மீதிப் பாதியைச் சீவி அதேபோல நிரப்புங்கள். மட்டத்தைவிட ஒரு மி.மீ. உயரமாகவே விட வேண்டும். அரை மணி நேரம் தானாக ஆறட்டும். தண்ணீர் ஊற்றி ஆற்ற வேண்டாம்.

முறிந்த காதைப் பொறுத்தவரை, பழைய பம்பரில் அதே போன்ற காது இருந்தால் அடியோடு அறுத்தெடுத்துப் பற்றவையுங்கள். இல்லையென்றால் வலையை ‘ப’ வடிவில் மடித்து எலும்பாக வைத்து அதன்மேல் உருகலால் சதை கட்டலாம். வெறும் உருகலில் காது செய்தால் க்ளிப் மாட்டும்போதே முறியும்.

வீட்டுக்குள் வைத்துச் செய்யாதீர்கள். மாடியிலோ தொழுவத்திலோ காற்றோட்டமாக அமர்ந்து செய்யுங்கள். பம்பரின் மறைவான மடிப்பில் ஐந்தாறு தடவை பழகிவிட்டு விரிசலுக்கு வாருங்கள்.

வள்ளியூர்க் காற்று

சூடான கம்பி முளைகளை அடிக்கும் ஸ்டேப்ளர் கருவி ஒன்று இப்போது கிடைக்கிறது. அது இந்தப் பாட்டையெல்லாம் குறைக்காதா? மேலும், எதிர்காலத்தில் இப்படி ஆகாமலிருக்க பம்பருக்கு முன்னால் ஒரு இரும்புக் கார்டு (காப்புச் சட்டம்) மாட்டிவிடலாம் அல்லவா?

பேட்டைப் பட்டறை

ஸ்டேப்ளர் நல்ல கருவிதான். ஸ்டெயின்லெஸ் முளைகளைப் பின்புறத்தில், விரிசலுக்குக் குறுக்காக, சற்று மாற்றி மாற்றிச் சாய்த்து இறக்கினால் பிடிப்பு வலுவாக இருக்கும். நீண்ட விரிசலில் முதலில் வடிவத்தைப் பிடித்து நிறுத்த நானும் அதைப் பயன்படுத்துகிறேன். ஆனால் முளை இரண்டு கரையையும் இழுத்துப் பிடிக்குமே தவிர இடைவெளியை நிரப்பாது. அதனோடு நிறுத்திவிட்டால் குலுக்கலில் முளைகளுக்கு இடையே விரிசல் மெல்லத் திறந்து, மேலே அடித்த நிறத்தில் கோடு விழும்.

இரும்புக் கார்டு வேண்டாம் ஐயா. 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதைத் தடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. அது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு முரணானது, தண்டமும் உண்டு. சட்டத்தைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. கார்டு நேராக அடிச்சட்டத்தில் பூட்டப்படுவதால், நசுங்கி அடியை உறிஞ்ச வேண்டிய பாகங்கள் நசுங்காமல் அடி உள்ளே போகிறது. காற்றுப்பை விரியும் நேரமும் மாறலாம். எதிரே வரும் பாதசாரியின் நிலையையும் நினைக்க வேண்டும்.

நாங்குநேரி

என் வண்டி புதியது. முன்னால் போகும் வாகனத்தை உணர்ந்து தானே பிரேக் போடும் ராடார் அதில் உள்ளது. பம்பரில் சிறு கீறல் விழுந்திருக்கிறது. இம்முறை எனக்கும் பொருந்துமா?

பேட்டைப் பட்டறை

ராடார் பம்பர் தோலின் பின்னால் இருக்கும் இடமாக இருந்தால் தொட வேண்டாம். அதன் அலை அந்தத் தோலையும் நிறத்தையும் ஊடுருவித்தான் செல்கிறது. அங்கே வலை, முளை, கனத்த பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசும் புட்டி), கூடுதல் நிறப்பூச்சு எது வந்தாலும் அதன் பார்வை மாறும். நிறுவனச் சேவை மையத்தில் பாகத்தை மாற்றி, ராடாரை மறுபடி அளவு திருத்தச் சொல்லுங்கள். பின் பம்பரில் உள்ள பார்க்கிங் சென்சார்களுக்கும் எச்சரிக்கை தேவை. 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் அவை கட்டாயம் என்பதால், அதற்குப் பின் வந்த எல்லா வண்டிகளிலும் இருக்கும். சென்சார் அமரும் துளையின் விளிம்பில் விரிசல் வந்தால் அதன் கோணம் மாறாமல் பற்றவைப்பது கடினம்.

மேலப்பாளையம் பெயின்டர்

பற்றவைப்பைப் பற்றி அண்ணாச்சி கூறியதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. நிறத்தைப் பற்றி மட்டும் நான் கூற வேண்டும். நல்ல பற்றவைப்பையும் வீணாக்குவது இந்த இடம்தான்.

பி.பி.யை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்த்தால் பஞ்சு போல மயிர் கிளம்பும். மேலும் தேய்க்கத் தேய்க்க மேலும் கிளம்பும். ஆகவே மேட்டை முதலில் புதிய பிளேடைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டி மட்டமாக்குங்கள். பின்பு 180, 320, 600 என்று ஏறுங்கள். கடைசி இரண்டையும் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். தகரத்துக்குப் பார்க்கும் சாதாரணப் பட்டியை இதற்குப் பார்க்கக் கூடாது. அது விறைப்பானது, முதல் வளைவிலேயே வெடிக்கும். பிளாஸ்டிக்குக்கென்று வளைந்து கொடுக்கும் பட்டி தனியாக இருக்கிறது, அதையும் மெல்லிதாகவே இழுக்க வேண்டும். பட்டிக்கு முன்னும், நிறம் நீங்கி வெறும் பிளாஸ்டிக் தெரியும் இடங்களிலும், பி.பி.க்கு உரிய ஒட்டுப் ப்ரைமரை மெல்லிய இரண்டு பூச்சாக அடியுங்கள். டீச்சர் பசையைப் பற்றிக் கூறிய காரணம் நிறத்துக்கும் அப்படியே பொருந்தும். ப்ரைமர் இல்லாமல் அடித்த நிறம், தண்ணீர்ச் சேவை நிலையத்தில் அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சும்போது தாளாக உரிந்து வருவதை வாரம் ஒன்றாவது பார்க்கிறேன்.

நேரம் பார்த்து அடிக்க வேண்டும். கத்திரி வெயிலில் பம்பர் கையால் தொட முடியாதபடி காய்ந்திருக்கும்போது அடித்தால், நிறம் பரவும் முன்பே கரைப்பான் ஆவியாகிச் சொரசொரத்துவிடும். ஆனி ஆடியில் நம் பக்கம் வீசும் காற்றில் தூசியை நிறுத்த வழியே இல்லை. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில், நிறத்தின்மேல் பளபளப்புக்காக அடிக்கும் கிளியர் பூச்சு வெண்மையாகப் பூத்துவிடும். காலை ஏழு மணிக்கு மேல் ஒன்பது மணிக்குள், தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு அடித்தால் நல்லது.

கடினமாக்கி கலக்கும் 2கே கிளியரை மட்டும் வீட்டில் பீய்ச்ச வேண்டாம் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. துணி முகக்கவசம் அதைத் தடுக்காது; சிலருக்கு நிரந்தர ஆஸ்துமா வந்துவிடும். என்னோடு தொழில் பழகிய ஒருவர் இதனாலேயே இருபது ஆண்டு வேலையை விட்டார். பற்றவைப்பையும் தேய்ப்பையும் நீங்கள் முடித்துக்கொண்டு, நிறத்துக்கு மட்டும் பம்பரைக் கழற்றி எங்களைப் போன்றவர்களிடம் கொண்டுவந்தால் செலவு மூன்றில் ஒரு பங்காகக் குறையும்.

தச்சைத் தம்பி

டப்பாவில் வரும் ஸ்பிரேயை அடித்தால் இந்த ஆபத்து இல்லை அல்லவா?

மேலப்பாளையம் பெயின்டர்

கடினமாக்கி இல்லாத டப்பா ஸ்பிரேயில் ஐசோசயனேட் இல்லை என்பது சரியே. கரைப்பான் ஆவிக்கு மட்டும் முகக்கவசமும் காற்றோட்டமும் வேண்டும். ஆனால் அந்தக் கிளியர் பெட்ரோல் பட்டால் கரையும், வெயிலில் சீக்கிரம் மங்கும். கீழ் விளிம்புக்கு அது போதும். கண்பார்வையில் இருக்கும் இடத்துக்குப் போதாது.

பாளைவாசி

ஞாயிற்றுக்கிழமை மாடியில் அமர்ந்து முதல் முயற்சியைச் செய்தேன். நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். பார்ப்பதற்கு நன்றாகவே நிரம்பியது. ஆறிய பின் இரு கையாலும் மெல்ல வளைத்தபோது, ஒட்டு கல்லிடைக்குறிச்சி அப்பளம் போலப் படாரென்று முறிந்தது. முறிந்த இடத்தில் நிரப்பல் பழுப்பாகவும் சிறு சிறு குமிழிகளோடும் இருக்கிறது. என்ன தவறு என்று கூற முடியுமா?

பேட்டைப் பட்டறை

பழுப்பு நிறம் அனைத்தையும் கூறிவிட்டது. அயர்ன் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. வேலை நடக்கும்போது புகையும் வந்திருக்கும். காற்றில் உள்ள ஆக்சிஜனோடு அந்தச் சூட்டில் பி.பி.யின் சங்கிலிகள் துண்டாகிவிடும். அப்போது உருகியது மீண்டும் பழைய பொருளாக ஆறுவதில்லை, உலர்ந்த மெழுகாகத்தான் ஆறும். குமிழி வந்தது ஈரத்தாலும் இருக்கலாம். கழுவியபின் எவ்வளவு நேரம் உலர்த்தினீர்கள்? இன்னொன்று, இரும்புக்கடைப் பம்பரின் மேல்தோல் வெயிலில் கிடந்து வெளுத்திருக்கும். அதைச் சீவி எறிந்துவிட்டு உள்ளே உள்ள கறுப்பான பகுதியிலிருந்து மட்டுமே பட்டை எடுக்க வேண்டும். பழுப்பான நிரப்பல் முழுவதையும் நோண்டி எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். புகை எழுந்தால் அயர்னைப் பிடுங்கி ஒரு நிமிடம் பொறுங்கள். பொருள் கெட்டுப்போகவில்லை, மனம் தளர வேண்டாம்.

பாளைவாசி

மூன்று குறையும் என்னிடம் இருந்தன. கழுவிய அரை மணி நேரத்திலேயே தொடங்கிவிட்டேன், பட்டையை வெளுத்த தோலோடு சீவியிருந்தேன், அயர்னில் சூடு குறைக்கும் வசதி இல்லாததால் புகை வந்தும் தொடர்ந்தேன். அடுத்த ஞாயிறு வரை பம்பரை நிழலில் உலரவைத்து, சூட்டைக் குறைக்கும் அயர்னை நண்பரிடம் இரவல் வாங்கி, மறைவான மடிப்பில் ஒரு மணி நேரம் பழகிய பிறகே விரிசலுக்கு வந்தேன். இம்முறை நிரப்பல் கறுப்பாகவே நின்றது. சுவர் உருகுவதை நீங்கள் கூறியபடி கண்ணால் பார்க்க முடிந்தது. முதல் வாரத்தில் நான் பார்த்தது பட்டை உருகியதை மட்டுமே என்பது அப்போதுதான் புரிந்தது. பின்புறம், வலை, முன்புறம், காது எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரம் ஆயிற்று. வளைத்துப் பார்த்தேன், ஒட்டும் பம்பரும் ஒன்றாக வளைந்தன.

நிறத்தை மேலப்பாளையத்தில் கொடுத்து அடித்தேன். அயர்ன் இரவல் போக, வலை, ஆல்கஹால், உப்புத்தாள், இரும்புக்கடைத் துண்டு, நிறக்கூலி அனைத்தும் சேர்த்து 3,400 ரூபாய் செலவாயிற்று.

வள்ளியூர்க் காற்று

எத்தனை நாள் தாங்குகிறது என்பதையும் எழுதுங்கள்.

பாளைவாசி

இன்றோடு நான்கு மாதம். பாபநாசத்துக்கு மூன்று முறை போய்வந்தேன். ரயில்வே கேட்டை நாள்தோறும் இரு முறை கடக்கிறேன். நேற்று மழைக்குப் பிறகு பம்பரின் அடியில் படுத்து விளக்கடித்துப் பார்த்தேன். வலை எங்கும் வெளியே தெரியவில்லை, நுனித் துளைக்கு அப்பால் விரிசல் நகரவில்லை. பனிவிளக்கின் அருகே சாய்ந்த வெயிலில் மட்டும் மிக மெல்லிய மேடு ஒன்று தெரிகிறது. அது பட்டி பார்க்கும் முன் நான் சரியாகச் சுரண்டாத இடம்.

சீவிய டி20 பட்டைகள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய மீதம் உள்ளன. டி10 பம்பருக்கும் அவை சேருமா என்று பேட்டை அண்ணாச்சி கூறினால், தேவைப்படுவோர் மகாராஜநகர் உழவர் சந்தைப் பக்கம் வரும்போது பெற்றுக்கொள்ளலாம்.

பேட்டைப் பட்டறை

சேரும். அடிப்படை இரண்டுக்கும் பி.பி.யே, டால்க்கின் அளவு மட்டும்தான் வேறு. வெளுத்த தோலைச் சீவிவிட்டுக் கொடுங்கள்.